இரண்டு கப்பலுக்கும் தலையாட்டியவன்

உருகுவே கடற்கரையில் ஒதுங்கும் பிணங்களைக் கழுவி அடக்கம் செய்பவள் சலவைக்காரி எர்மெலிந்தா. ஒரு புயலில் இரண்டு பாய்மரக் கப்பல்கள் பாறையில் மோதி உடைந்தன. மறுநாள் கரை ஒதுங்கிய ஒரு பிணத்தின் முகத்தை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது, அது கண்ணைத் திறந்தது.

"அண்ணே, குழி வெட்டாத! இவன் முழிக்கிறான்!" என்று அலறினாள்.

"நல்லாப் பாத்தியா? பாதி வெட்டிட்டேனே!" என்றான் அண்ணன் அன்செல்மோ.

பிழைத்தவனுக்குத் தன் பேர்கூட நினைவில்லை. அவள் இரண்டு கப்பல்களின் பெயரையும் சொல்லி, எதில் வந்தவன் என்று கேட்டாள். இரண்டுக்கும் தலையாட்டினான். "பொண்டாட்டி இருக்காளா?" என்றாள். ஆமாம் என்று ஆட்டினான். பிறகு இல்லை என்றும் ஆட்டினான்.

அடுத்த ஆண்டு அவனையே கட்டிக்கொண்டாள். பிள்ளைகளும் பிறந்தன. ஆனாலும் அவன் கடலைப் பார்த்து நிற்கும்போதெல்லாம், யாருடைய புருஷனோடு குடித்தனம் நடத்துகிறோமோ என்று குழம்புவாள்.

"என்னய்யா பாக்குற?" என்பாள்.

"தெரியலையே," என்பான்.

அவளும் பக்கத்தில் போய் நிற்பாள்.