மரங்களுக்கு நடுவிலிருந்து ஓர் ‘ஓய்’

என் கைபேசியில் ஒரு நொடி நீளமுள்ள குரல் பதிவுகள் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் ஒரே சொல்தான்: “ஓய்!” அனுப்பியவள் என் மச்சாள், மாமாவின் மகள். ஒவ்வொரு நவம்பரிலும், சுவிஸ் மலைகளில் முதல் பனி விழுந்த செய்தி கேட்டதும், லண்டனின் தென்கோடி மோர்டனிலிருந்து அது வரும். வடகோடி ஹரோவில் இருக்கும் நான், அலுவலகத்தில் வடிகால் வரைபடங்களுக்கு நடுவே இருந்தாலும், எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் ஒரு நொடியில் பதில் அனுப்புவேன்: “ஓம்!” அதன் பிறகுதான் பயணச்சீட்டு, விடுமுறை, பனிச்சறுக்குக் கால் பலகைகளுக்கு மெழுகு என்று என் பட்டியல் தொடங்கும்.

அந்தச் சொல் காட்டிலிருந்து வந்தது. மரங்களுக்கு நடுவே பனியில் சறுக்கும்போது பத்து அடி தள்ளிப் போகிறவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். மரத்தடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். விழுந்தால் தனியாக எழும்புவது கடினம். ஆகவே சில திருப்பங்களுக்கு ஒருமுறை முன்னால் போகிறவள் “ஓய்” என்பாள், பின்னால் வருகிறவள் “ஓம்” என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த இடத்திலேயே நின்று திரும்பி ஏற வேண்டும். மச்சாள் வகுத்த ஒரே சட்டம் அதுதான்.

அவள் சுவிஸில் பிறந்து, சறுக்குவோரை மேலே ஏற்ற ஒற்றை லிஃப்ட் மட்டும் உள்ள ஒரு சின்ன மலையடியில் வளர்ந்தவள். பதினாறு வயதில் குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியபோது அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது மருத்துவமனையில் தாதி. ஷிப்ட் மாற்றி மாற்றிச் சேர்த்த விடுமுறை முழுவதையும் அந்த மலைக்கே கொடுப்பாள். லிஃப்டில் ஏறும்போது எல்லோரும் சறுக்குப் பாதையைப் பார்ப்பார்கள். அவள் காட்டுக்குள் பார்ப்பாள். எந்தச் சரிவில் வெயில் படவில்லை, எங்கே கிளைகளில் பனி உதிராமல் நிற்கிறது, எங்கே மரங்களுக்கு இடையில் வெளிச்சம் அதிகம் என்று கவனிப்பாள். என் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து நான் சரிவின் பாகைகளைக் கணக்கிடும்போது, “உன்ரை பட்டியலுக்குப் பனி விழாது மச்சாள்” என்று சொல்லிக்கொண்டே என் மிக்சரை முடிப்பாள்.

மூன்று குளிர்காலங்கள் தேடி அவள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். சென்ற பெப்ரவரியில் முதன்முறையாக என்னைக் கூட்டிப் போனாள். காலையில் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, லிஃப்டின் உச்சியிலிருந்து இருபது நிமிடம் நடந்து, அடர்ந்த மரங்களுக்கிடையே குனிந்து நுழைந்தோம். உள்ளே காடு திறந்துகொண்டது. யாரோ அளந்து நட்டதுபோல மரங்கள் விலகி நின்றன. முழங்கால் அளவுக்குப் புதுப் பனி, ஒரு தடம் கிடையாது. “மரத்தைப் பாக்காதை, இடைவெளியைப் பார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓய், ஓம், ஓய், ஓம் என்று கத்திக்கொண்டு, சிரிப்பில் மூச்சு வாங்க, கீழே காட்டுச் சாலைவரை இறங்கினோம். அவ்வளவு நேரம் ஒன்றையுமே எண்ணாமல் நான் இருந்தது அன்றைக்குத்தான்.

“ஆருக்கும் சொல்லக்கூடாது. இந்த உலகத்திலை எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான்” என்றாள். தலையாட்டினேன். மனதாரத்தான் ஆட்டினேன்.

அன்று மாலை அம்மா தொலைபேசியில் அழைத்தார். “எங்கை நிக்கிறியள்? லொகேஷன் போடு. போடாட்டி எனக்கு நித்திரை வராது.” வாட்ஸ்அப்பில் அம்மா பார்ப்பது குடும்பக் குழு ஒன்றைத்தான். நான் என் பழக்கப்படி ஒழுங்காக எழுதினேன்: தொடங்கும் இடம், முடியும் இடம், நாளை காலை பத்து மணி, வரைபடத்தில் இரண்டு புள்ளிகள். பாதுகாப்பு விதிப்படி அது மிகச் சரியான குறிப்பு. அந்தக் குழுவில் அறுபது பேர் இருப்பதும், அவர்களில் பாதிப் பேர் சுவிஸில் இருப்பதும் என் பட்டியலில் இல்லை.

மறுநாள் நாங்கள் கடைசித் திருப்பத்தில் இறங்கியபோது கீழே இரண்டு கார்கள் நின்றன. ஒன்பது பேர். பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்காவின் கணவர், மச்சாளுக்கு மாமா முறை, கம்பளித் தொப்பியோடு முன்னால் நின்றார். பெரியம்மா பனியில் சாக்கு விரித்து மட்டன் ரோல் பரப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பிளாஸ்டிக் பைகளில் உட்கார்ந்து எங்கள் சரிவின் அடியில் சறுக்கிக் கத்தின.

“லண்டன் பிள்ளையள் காட்டுக்குள்ளை சாப்பாடில்லாமல் நிக்கினமாம் எண்டு கேள்விப்பட்டு வந்தனாங்கள்” என்றார் பெரியப்பா.

மச்சாள் என்னைப் பார்த்தாள். “அறுபது பேருக்கு மச்சாள்” என்றாள், மெதுவாக. பலகைகளைக் கழற்றிக் குத்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோலை வாங்கவில்லை.

பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு பழைய அடிமரத்தின் பனியைக் காலால் தட்டினார்.

“இதே இடம்தான்! அகதிக் கேஸ் முடிவு வராமல் இருக்கேக்கை ஊராட்சி எங்களுக்குத் தந்த வேலை இது. நாங்கள் ஆறு பெடியள். காட்டதிகாரி மரத்திலை சிவப்புப் பூச்சு அடிச்சு விடுவார், நாங்கள் வெட்டுறது. மெலிஞ்சதை எடுத்தால் மிச்சம் வளருமாம். உந்த இடைவெளியெல்லாம் நாங்கள் விட்டது.”

மச்சாள் திரும்பினாள். “மாமா, நீங்களே வெட்டினது?”

“பின்னை ஆர்? கை விறைச்சு விறைச்சு வெட்டினனாங்கள். ஒருநாள் எங்கடை பிள்ளையள் இதுக்குள்ளாலை பறந்து வருவினம் எண்டு தெரிஞ்சிருந்தால் இன்னும் கொஞ்சம் அகலமாய் வெட்டியிருப்பன்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா கையில் வைத்த ரோலையும் சாப்பிட்டாள், அடுத்ததையும் சாப்பிட்டாள்.

புறப்படும் முன் பெரியப்பா அவளைத் தனியே அழைத்து, வடக்குப் பக்கம் கையைக் காட்டி, அங்கேயும் மரம் வெட்டியதாக ஏதோ சொன்னார். நான் கிட்டப் போனேன். “நீ போய் அந்தத் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு வா” என்றார். எடுத்து வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. விமானத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். “பாப்பம்” என்று மட்டும் சொன்னாள் மச்சாள்.

இந்த வருடம் நவம்பர் வந்தது, போனது. மலையில் பனி விழுந்த செய்தியை நானே தேடிப் படித்தேன். கைபேசி பேசாமல் கிடந்தது. பழைய பதிவுகளை இரண்டு முறை கேட்டேன். பத்து நொடிதான் ஆனது. டிசம்பர் முதல் வாரத்தில், ஹரோ நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது, ஆறாவது வந்தது. இந்தமுறை மூன்று நொடி.

“ஓய்! லொகேஷன் கேக்கக்கூடாது.”

அன்றிரவே பட்டியலைத் தொடங்கினேன். மெழுகு, விசில், கையுறை, அம்மாவுக்குச் சமாதானம். ‘இடம்’ என்ற வரியில் எழுதியிருப்பது: மச்சாளுக்குத் தெரியும். ‘அவசரத்துக்கு’ என்ற வரியில்: பெரியப்பாவுக்கும் தெரியும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. நிலையத்தில், ரயில் வந்து கதவு திறந்தும் ஏறாமல், நான் முதலில் செய்தது ஒன்றுதான். கைபேசியை வாயருகே பிடித்து, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, காட்டில் கத்துவதுபோலவே கத்தினேன்.

“ஓம்!”