சொந்த ஊரில் நிற்காதவன்

நேவியோ பெர்தாட்சோனால் ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியாது. இத்தாலியில் ‘போ’ என்னும் நதியின் கரையிலிருந்த செங்கல் சூளையில் வேலை பார்த்த காலத்திலேயே அப்படித்தான். சாப்பிடும்போதும் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

"சூப் கொட்டுது. அந்தக் காலக் கொஞ்சம் சும்மா வச்சா என்ன?" என்பாள் மனைவி இனெஸ்.

சைக்கிள் பந்தய அணியில் சேர்ந்தபோது கால்களுக்கு வேலை கிடைத்தது. மனசுக்குக் கிடைக்கவில்லை. அவன் ஜெயிப்பதற்காக ஓட்டுபவன் அல்ல, அணித்தலைவன் கால்ஃபெத்தியை ஜெயிக்க வைப்பதற்காக ஓட்டுபவன். தலைவனுக்குத் தாகம் எடுத்தால் வழியோரக் கடைக்குள் பாய்ந்து, அகப்பட்ட புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வர வேண்டும். தலைவனின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அவனை அரித்தது. கூட்டம் முழுதும் அவனைத் தாண்டிப் போகும். அவன் ஒற்றைச் சக்கரச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடப்பான்.

1953ஆம் வருடம், இத்தாலியைச் சுற்றும் மூன்று வாரப் பந்தயம் அவன் ஊர் வழியாகப் போனது. ஒருவனுடைய ஊர் வந்தால் மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அவனை முன்னே விடுவது வழக்கம். அவன் இறங்கி, வீட்டாரை முத்தமிட்டு, ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டு மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொள்வான்.

"போடா, பொண்டாட்டியப் பாத்துட்டு வா. அந்த ஒயின்ல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை," என்றான் கால்ஃபெத்தி.

நேவியோ முன்னே போனான். மணிக்கூண்டுக்குக் கீழே ஊரே திரண்டிருந்தது. பாதிரியார் கையில் ரொட்டித் தட்டு. இனெஸ் நீலக் கவுனில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாலைக்குள் ஓரடி இறங்கி நின்றாள். அவன் விரல்கள் பிரேக்கின் மேல் போயின, அழுத்தவில்லை. முன்னால் ஒரு முதுகுகூட இல்லாத சாலையை அவன் அதுவரை கண்டதே இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர்களைக் கடந்து போனான்.

பின்னால் வந்தவர்களுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு அணி மேலாளரின் கார் அவனருகே வந்தது.

"கிறுக்குப் பயலே, நில்லு. உன்ன நம்பித்தானடா விட்டாங்க."

"கால் நிக்க மாட்டேங்குது," என்றான் நேவியோ.

கரைமேட்டுச் சாலையில் எதிர்காற்று. பின்னால் அத்தனை அணிகளும் ஆத்திரத்தோடு ஒன்றுசேர்ந்து துரத்தின. அன்றைய எல்லைக்கோட்டில் அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு லாரி நீளம்தான் இருந்தது. ஜெயித்துவிட்டான். மலர்க்கொத்து கொடுத்த பெண்ணைத் தவிர யாரும் அவன் கையைத் தொடவில்லை.

சாப்பாட்டு மேசையில் கால்ஃபெத்தி சத்தம் போடவில்லை. "கேட்டிருந்தா ஒரு நாள் விட்டுக் கொடுத்திருப்பேன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வேறு மேசைக்குப் போனான்.

அதன்பின் நேவியோ முன்னே நகர்ந்தபோதெல்லாம் பத்துப் பேர் சேர்ந்து, தப்பவிடாமல் அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார்கள். மறுவருடம் எந்த அணியும் அவனை எடுக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் முடிந்து அவன் வீடு வந்தபோது இனெஸ் தட்டை மட்டும் வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சில நாள் கழித்து, துணி காயப்போடும்போது, திரும்பாமலே சொன்னாள்.

"ஜெயிச்சதுல எனக்குக் கோபம் இல்ல. ஒரு தடவ நிமிந்து பாத்துட்டுப் போயிருக்கலாம்."

"பாத்திருந்தா நின்னுருப்பேன்."

"நின்னா என்ன கொறஞ்சிடும்?"

அவன் கூடையிலிருந்த ஈரத்துணிகளை எடுத்து அவளிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தான்.

சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிப்போகும் லாரியில் வேலை கிடைத்தது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் இறங்கி லாரியைச் சுற்றிச் சுற்றி நடப்பான். மற்ற ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் விடியலில் இனெஸ் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமலே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீ போற எடத்துக்குத்தான். வண்டிய எடு."

பனிமூட்டத்தில் சாலை தெரியவில்லை. வேறு வழியின்றி அவன் மெதுவாகவே ஓட்டினான்.