பச்சைத் தகரப் பெட்டி

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் ரத்தினவேலைப் போய்ப் பாருங்கள். ஓசூரில்தான் இருக்கிறார். ஆனால் பார்க்க மட்டும்தான் முடியும். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. ஏன் என்று சொல்கிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

1994-ஆம் வருஷம். என் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷாவுக்கு சிப்காட்டில் வேலை. நான் கல்யாண வீடுகளில் பாடுவேன். கேட்டவர்கள் எல்லோரும் கேசட் கேட்டார்கள். துபாயிலிருந்து வந்த என் நாத்தனார் ஒரு ரெக்கார்டர் கொடுத்தாள். வீட்டுச் சாமான் அறையைக் காலி செய்து, சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்தோம். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. உள்ளே நின்று பாடுவேன். இவர் வெளியே உட்கார்ந்து பதிவு செய்வார்.

எல்லாம் சரி. குரல்தான் வறட்டுக் குரலாக இருந்தது. சமையல்கட்டில் பேசுகிற மாதிரி. எக்கோ பெட்டி ஒன்று வேண்டும் என்றார் இவர். அதில் குரலை விட்டு எடுத்தால், பெரிய மண்டபத்தில் நின்று பாடுகிற மாதிரி கேட்குமாம்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று புதுசு, ஜப்பான் டிஜிட்டல். இன்னொன்று பழசு. பச்சைத் தகரப் பெட்டி. உள்ளே நீளமான ஸ்பிரிங்குகள். குரல் அந்த ஸ்பிரிங்கில் அதிர்ந்துதான் எக்கோ வருமாம். ஒரு ஓரம் கருகியிருந்தது.

கடைக்காரர் மைக்கை நீட்டினார். டிஜிட்டலில் பாடிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான்.

பச்சைப் பெட்டியில் பாடினேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் குரல் எங்கோ ஆழத்தில் இறங்கிப் போய், யாரையோ தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"இதான் வேணும்ங்க" என்றேன்.

"புதுசு வாங்கலாம் அஸ்மத். இது கருகிக் கெடக்கு."

"கொரலைக் கேட்டீங்கல்ல?"

கடைக்காரர் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். "பேடாம்மா, வேணாம். அது போன எடத்துல நிக்காது. திரும்பி வந்துடுது."

நான் கேட்கவில்லை.

முதல் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். பதிவு செய்த கேசட்டில், நான் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. பாடப் போகிறவள் இழுக்கிற மூச்சு. என் மூச்சுதான் என்று நினைத்தேன். அடுத்த பாட்டில் வேண்டுமென்றே மூச்சை அடக்கி நின்றேன்.

அப்போதும் கேட்டது.

பிறகு எக்கோ குமிழை முழுதாகக் குறைத்தாலும் எக்கோ வந்தது. "பழைய ஸ்பிரிங். ஏதாவது ரேடியோவைப் பிடிக்குது" என்றார் இவர்.

ஒரு நாள் பாட்டின் கடைசிச் சொல் 'மலரே'. நீட்டி நிறுத்தினேன். எக்கோ திரும்பி வந்தது. ஆனால் 'மலரே' இல்லை.

"திற..."

இவருக்கும் கேட்டது. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை. மறுநாளே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஆனால் மறுநாள்தான் ரத்தினவேல் வந்தார்.

மாரியம்மன் பண்டிகைகளில் பாடுகிறவர். நல்ல கணீர்க் குரல். "ஒரே ஒரு பாட்டு பாய். சாமிப் பாட்டு. இன்னிக்கே எடுத்துக் குடுத்துடுங்க" என்று கெஞ்சினார். சாமிப் பாட்டு என்றதும் இவரால் மறுக்க முடியவில்லை.

இவருக்கு அந்த வாரம் ராத்திரி வேலை. சிப்காட்டில் முதல் ஷிப்ட் இன்னும் விடவில்லை. தெரு அமைதியாக இருந்தது. பச்சைப் பெட்டி மேசைக்கடியில் இருந்தது. ரத்தினவேல் அதைப் பார்க்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஹெட்போன் மாட்டினார். இரண்டு வரி பாடினார்.

நிறுத்தினார்.

"பாய்... உள்ள யாரோ பொம்பளை மூச்சு விடறாங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இவர் மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. தணிந்த குரல்.

"ரத்தினம்..."

அவர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கண்ணாடியில் அவர் முகம். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. பதிவின்போது ஆடிச் சத்தம் போடுகிறது என்று இவர்தான் கழற்றியிருந்தார்.

நாங்கள் வெளியிலிருந்து இழுத்தோம். அசையவில்லை.

உள்ளே அவர் இரண்டு கையாலும் கதவைக் குத்தினார். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறார். ஆனால்...

சத்தமே இல்லை.

மைக் போட்டுத்தான் இருந்தது. ரெக்கார்டரில் சத்தத்தைக் காட்டுகிற முள் அசையவில்லை.

ஸ்பீக்கரில் மட்டும் சத்தம். டப்... டப்... டப்... யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். கூடவே வளையல் உடைகிற சத்தம். இருமல்.

"திற... திற... திற..."

இவர் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். ரெக்கார்டர் நின்றது.

குரல் நிற்கவில்லை.

"கத்து ரத்தினம்... நல்லாக் கத்து..."

சிரிப்பு.

"யாருக்கும் கேக்காது."

அப்புறம் அமைதி.

கதவு தானாகத் திறந்துகொண்டது. மெதுவாக.

ரத்தினவேல் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. அறை முழுக்கப் புகை வாசனை. புகை இல்லை. வாசனை மட்டும்.

பெங்களூர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். அன்றைக்குப் போன குரல் இன்றுவரை வரவில்லை.

பெட்டியை இவர் கடையில் வைத்துவிட்டு, கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து ரத்தினவேலின் மனைவி லட்சுமியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. நடந்ததை இவர் ஆஸ்பத்திரியிலேயே அவரிடம் சொல்லியிருந்தார்.

"அந்தப் பொட்டி பச்சைக் கலரா கண்ணு?"

ஆமாம் என்றேன்.

"ஓரத்துல தீஞ்சிருந்துச்சா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னது இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் ரத்தினவேலும் கோவிந்தப்பன் என்பவரும் சேர்ந்து ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருந்தார்கள். கெலமங்கலத்து மாரம்மா என்ற பெண் அங்கே பாடுவாள். கேசட் அட்டையில் வேறு ஒருத்தி பேரைப் போட்டு விற்றார்கள். என் பேரைப் போடு என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து அவள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. கொஞ்ச நேரம் கெடந்தா புத்தி வரும்னு டீ குடிக்கப் போய்ட்டாங்க. ஒயர்ல தீப் புடிச்சிக்கிச்சு. சத்தம் வெளிய போவாத ரூமு கண்ணு... அவ எவ்ளோ கத்தியிருப்பா."

"போலீஸ்?"

"அவளாத்தான் தாப்பாப் போட்டுக்கினான்னு சொல்லிட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும். பயத்துல வாயத் தொறக்கல."

தீயில் மிஞ்சிய சாமான் அந்தப் பச்சைப் பெட்டி ஒன்றுதானாம்.

அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே யோசனை. மறுவாரம் இவரை வற்புறுத்திக் கடைக்கு அனுப்பினேன். அந்தப் பெட்டியை யாருக்கும் விற்க வேண்டாம், உடைத்துப் போடுங்கள் என்று சொல்வதற்காக.

இவர் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

பெட்டி அங்கே இல்லை. முந்தின நாளே போய்விட்டது. வாங்கியவர் சூளகிரி ஆர்கெஸ்ட்ராக்காரர். பேர் கோவிந்தப்பன்.

"பொட்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தோம். அவரே கேட்டு வந்து வாங்கிட்டுப் போனார்" என்றாராம் கடைக்காரர். "உங்க வீட்டம்மாதான் அவருக்கு எடுத்து வைக்கச் சொல்லிப் போன் பண்ணாங்களே? லைன்ல ஒரே எக்கோ. நடுநடுவுல இருமிக்கிட்டே பேசினாங்க..."

அப்போது எங்கள் தெருவிலேயே யார் வீட்டிலும் போன் கிடையாது.

"சூளகிரி போய் அந்த ஆள்கிட்ட சொல்லிடலாமா அஸ்மத்?" என்று இவர் கேட்டார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "வேணாம்ங்க" என்றேன்.