தோலுக்குச் சொன்னது

சலீம் பாயிடமிருந்து விடியற்காலையில் போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது. போன வாரம் அப்படித்தான் வந்தது. எடுத்தவுடன், "நெஞ்சு வலிக்குதா பாய்?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நம்ம ஜெயசீலி மேடம் போய்ட்டாங்க. தூக்கத்துலயே."

பாய்க்கு ஒன்றுமில்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

ஆம்பூர் அருகே எங்கள் தோல் தொழிற்சாலையில் ஜெயசீலி கெமிஸ்ட், நான் தரக்கட்டுப்பாடு, பாய் தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் பகுதிக்கு மேஸ்திரி. ஜெயசீலியுடன் வேலை பார்த்து இன்று அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. லேபுக்குள் யார் வந்தாலும் வணக்கத்துக்கு முன் "கதவ சாத்துங்க" என்பார். சந்தேகம் என்று கேட்டுவிட்டாலோ ஆளே மாறிவிடுவார். சோறு ஆறிப்போகும், அவர் பேச்சு ஆறாது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பாய் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அவரிடம் நீட்டினார். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"கெட்ட கொழுப்புன்னு போட்டிருக்கான். கொழுப்புல இன்னா மேடம் நல்லது, கெட்டது?"

"தோலுக்கு எண்ணெய் எதுக்கு விடுறோம் பாய்?"

"மெத்துன்னு இருக்க."

"அது காறிப்போனா?"

"தோலே நாறிடும்."

"அதேதான். ரத்தத்துல கொழுப்ப சுமந்துக்கிட்டு சின்னச் சின்ன உருண்டைங்க ஓடுது. குழாய்ச் சுவத்துல மாட்டிக்கிட்டா அதுவும் ஆக்சிஜன் பட்டுக் காறிப்போகும். காறினத வெள்ளணுங்க தின்னு ஊதிப்போய் அங்கேயே படிஞ்சிடும். அடைப்பு அப்படித்தான் ஆரம்பிக்குது."

அந்த உருண்டைக்குள்ளேயே வைட்டமின் ஈ காவலுக்கு இருக்கிறது என்றும் சொன்னார். தோல் எண்ணெய் காறாமலிருக்க நாங்கள் மருந்து கலப்போமே, அதே வேலைதான். "முதல் அடிய அது வாங்கிக்கும். அது தீர்ந்தப்புறம்தான் கொழுப்பு மேல அடி விழும்." நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருக்கும் வைட்டமின் சி, அடிபட்ட ஈயைத் தேற்றித் திரும்பவும் காவலுக்கு நிறுத்துமாம். பாய் நன்றாகத் தலையாட்டினார். அதோடு நின்றிருக்கலாம்.

சில வாரங்களில், ஓடிக்கொண்டிருந்த டிரம் பக்கத்தில் பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நானும் ஜெயசீலியும் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு வேலூருக்கு விரைந்தோம். பள்ளிகொண்டா வரை எந்த லாரியும் வழி விடவில்லை. பின் சீட்டில் ஜெயசீலி கேட்டார்.

"ராத்திரி கொழுப்பு மாத்திரை போட்டீங்களா பாய்?"

பாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயசீலி மறுபடி கேட்டார்.

"நிறுத்திட்டேன் மேடம்."

"எப்போ?"

"நீங்க சொன்னதுலருந்து. கடுக்காய்த் தண்ணி குடிக்கிறேன். கூட ஈ மாத்திரை. தோலையே கெடாம காப்பாத்துது, நெஞ்சக் காப்பாத்தாதா?"

எங்கள் பக்கத்தில் கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோலைத் தொட்டு வளர்ந்தவர்களுக்கு அது நியாயமான கணக்குதான். கண்ணாடியில் ஜெயசீலியைப் பார்த்தேன். ஓயாத அந்த வாய் ஆஸ்பத்திரி வாசல் வரை திறக்கவேயில்லை. கை மட்டும் பாயின் மணிக்கட்டை விடவில்லை.

பாயை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் மனைவி பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜெயசீலி நேரே அவரிடம் போனார்.

"நான் பேசினதக் கேட்டுத்தாம்மா மாத்திரைய நிறுத்திட்டாரு."

அந்த அம்மா பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார். இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பாய் பிழைத்தார். பேசத் தெம்பு வந்ததும் ஜெயசீலி அவர் கட்டிலருகே போய் நின்றார்.

"தோல் செத்தது பாய். அதுல நாம போட்டது போட்ட எடத்துல நிக்கும். ஒடம்பு உசுரோட இருக்கு. ஈரல் தெனமும் கொழுப்ப உருண்டை புடிச்சு அனுப்பிக்கிட்டே இருக்கு. காவல் மட்டும் போதாது, கூட்டத்தக் கொறைக்கணும். அதுக்குத்தான் அந்த மாத்திரை. ஈ மாத்திரை அடைப்ப நிறுத்தும்னு டாக்டருங்களே நம்பித்தான் சோதிச்சாங்க. நிறுத்தல. இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அன்றிலிருந்து பாயைப் பார்த்தால் ஜெயசீலியிடமிருந்து வணக்கமும் கிடையாது, குசலமும் கிடையாது. "நேத்து போட்டாச்சா?" அவ்வளவுதான். ஓய்வு பெற்று வேலூரில் மகள் வீட்டுக்குப் போன பிறகும் தினமும் காலையில் போனில் அதையே கேட்டார். "போட்டாச்சு மேடம்" என்று பாய் சொன்னதும் வைத்துவிடுவார். "பேஜார் புடிச்ச மேடம்" என்று பாய் என்னிடம் அலுத்துக்கொள்வார். போன் வரத் தாமதமானால் வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பாய் தன் போனைக் கையிலேயே வைத்திருந்தார். ஜெயசீலி சொல்லித்தந்த வேதியியலில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

மறுநாள் காலை, அவர் கூப்பிடும் நேரத்துக்கு நான் பாயைக் கூப்பிட்டேன்.

"நேத்து போட்டாச்சா பாய்?"

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"போட்டாச்சு மேடம்" என்றார் பாய்.

நான் திருத்தவில்லை.