'ம்' கொட்டாதவர்

உயர்கல்வியை நாடு முழுமைக்கும் திட்டமிடும் குழுவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு மகளிர் கல்லூரிக்கு அவரை நான்தான் காரில் அழைத்துப்போனேன். அங்கேதான் அந்த இயற்பியல் துறைத் தலைவியைப் பார்த்தேன். குட்டையான உருவம், கஞ்சி போட்டு விறைத்த பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி.

சிறிய துறைகளை மூடிவிட்டு, மாணவிகளை நாகர்கோவிலில் உள்ள பெரிய கல்லூரியில் சேர்ப்பதுதான் திட்டம். அதிகாரி விளக்க விளக்க, சுற்றி இருந்த நாங்கள் 'ம்' கொட்டினோம். ஒருவர் பேசினால் 'ம்' கொட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த அம்மாள் மட்டும் கொட்டவில்லை. கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்குப் பேச்சு தடுமாறியது.

"மேடம், கவனிக்கிறீங்களா?"

"நல்லா கேட்டுட்டுதான் இருக்கேன் சார். 'ம்' கொட்டினா சம்மதம்னு எழுதிட்டுப் போயிருவீங்க. எங்க பிள்ளைகளுக்கு இங்க வரவே ரெண்டு பஸ் மாறணும். நாகர்கோவிலுக்குன்னா வீட்டுல விட மாட்டாவ, கெட்டிக் குடுத்துருவாவ. அதுக்கு நான் 'ம்' சொல்லணுமா?"

"இது நாட்டுக்கே போடுற திட்டம்மா."

"அந்த நாட்டுல எங்க பிள்ளைகளும் உண்டும்லா சார்?"

அதிகாரி மறுபடி திட்டத்தை விளக்கத் தொடங்கினார். இந்த முறை அறையில் யாரும் 'ம்' கொட்டவில்லை.

திரும்பும்போது மார்த்தாண்டம் சந்திப்பு நெரிசலில் கார் நின்றது. "பிடிவாதக்காரி. நாட்டு நலன் இவங்களுக்கு எங்க புரியும்?" என்று சொல்லிவிட்டு, அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். என் 'ம்'முக்காகக் காத்திருந்தார்.

கார் நகர்ந்தது. அவர் காத்துக்கொண்டே வந்தார்.