றுஷ்தா மயங்கி விழுந்த பிறகு

ஹுஸ்னியாவுக்குக் கூடைப்பந்து தெரியாது. திருமலைத் துறைமுகப் பக்கம் இருந்த ஒரு தனியார் கல்லூரியின் காரியாலயத்தில் பதினாறு வருடமாக அவள் கிளார்க். பெண்கள் அணி வெளியூர் போனால் கூடவே ஒரு பெண் போகவேண்டும் என்ற விதிக்காக அவளை மனேஜர் ஆக்கியிருந்தார்கள். அடையாள அட்டைகளைச் சேர்த்து வைத்திருப்பதும், தண்ணீர்ப் போத்தல் நிரப்புவதும், வாந்தி வருகிற பிள்ளையை வான் வண்டியில் ஜன்னலோரம் இருத்துவதும்தான் அவள் வேலை.

அணியில் எட்டே எட்டுப் பேர். இரண்டு வருடமாக ஒரு போட்டியிலும் வென்றதில்லை. இந்த முறையும் வெல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடலாம் என்று நிர்வாகத்தில் கதை இருந்தது. பாலையூற்றிலிருந்து பின்னேரங்களில் வந்து பழக்குகிற யோகலிங்கம் சேர், கிண்ணியாப் பிள்ளை றுஷ்தாவைத்தான் நம்பியிருந்தார். தூரத்தில் நின்று எறிந்தாலும் அவளுடைய பந்து வளையத்துக்குள் இறங்கும்.

மாசி மாதம் மட்டக்களப்பில் போட்டி. போகிற வழியில் எல்லாரும் பணிஸ் சாப்பிட, றுஷ்தா மட்டும் வாங்கவில்லை. ஹுஸ்னியா காரணம் கேட்டாள்.

"நான் நோன்பு, மிஸ்," என்று றுஷ்தா காதோடு சொன்னாள். "போன றமழான்ல விடுபட்டதுல நாலு இன்னும் மிச்சம். அடுத்த றமழானுக்கு முந்திப் பிடிக்கணும். இண்டையோட நாலு நாள்தான் இருக்கு."

"பிரயாணத்தில இண்டைக்கு ஒரு நாள் விடலாமே, மகள்?"

"விட்டா நாள் காணாது. சேர்ட்ட மட்டும் சொல்லிராதீங்க, மிஸ். தெரிஞ்சா ஆட்டத்துல இறக்க மாட்டார்."

ஹுஸ்னியா சொல்லவில்லை. பதினொரு மணி வெயிலில், சீமெந்துத் தரையில், றுஷ்தா ஓடினாள். மூன்றாவது கால்பகுதியில் கல்லூரி நான்கு புள்ளி முன்னுக்கு நின்றது. அப்போதுதான் அவள் முழங்காலில் விழுந்து, வெறும் வயிறு குமட்டி, அப்படியே சரிந்தாள். ஹுஸ்னியாவும் அணித்தலைவி லோஜினியும் அவளைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோனார்கள். ஹுஸ்னியா இடுப்புப் பட்டியைத் தளர்த்தி, தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு தண்ணீர் பருக்கி நோன்பை விடவைத்தாள். அரை மணித்தியாலத்தில் பிள்ளை எழும்பி உட்கார்ந்துவிட்டாள். போட்டி தோற்றுப்போனது.

அடுத்த நாள் மத்தியானம் லோஜினி காரியாலயத்துக்கு ஓடிவந்து போனைக் காட்டினாள். றுஷ்தா குமட்டி விழுந்ததை யாரோ பார்வையாளர் பக்கமிருந்து எடுத்த வீடியோ, பத்தொன்பது விநாடி. பேஸ்புக்கில் ஒரு பக்கம் அதைப் போட்டு, 'திருமலை கல்லூரி மாணவிக்கு என்ன நடந்தது?' என்று மட்டும் எழுதியிருந்தது. மிச்சத்தைச் சனம் எழுதிவிட்டது. 'எத்தனை மாதம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்ட சிரிப்பு முகங்கள்.

ஹுஸ்னியா போனை லோஜினியிடம் திருப்பிக் கொடுத்தாள். உண்மை தெரிந்த ஆள் தான் ஒருத்திதானே, சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தாள். தன்னுடைய பெயரிலேயே, 'அந்தப் பிள்ளை நோன்பு பிடித்திருந்தார். வெயிலில் மயக்கம் வந்தது. நான் கூடவே இருந்தேன்' என்று எழுதினாள்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதற்கும் வரிசையாகப் பதில். 'மூடி மறைக்கிற ஆள் இவதான்.' 'நோன்போட பந்து விளையாட்டா? மார்க்கம் தெரியாதா?' முதலில் ஒரு கதைதான் இருந்தது. இப்போது இரண்டு.

பின்னேரம் றுஷ்தா ஹுஸ்னியாவுக்குப் போன் எடுத்தாள். அழவில்லை. "சொல்லாதீங்க எண்டுதானே மிஸ் கேட்டன்?" என்றாள்.

"உங்களுக்காகத்தான் மகள் எழுதின..."

"தெரியும், மிஸ்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கல்லூரிப் பணிப்பாளர் பாக்கியரத்தினம் கெட்ட மனிதர் அல்ல. முதல் மூன்று நாள், வாய் திறக்காமல் இருந்தால் அடங்கிவிடும் என்றார். அடங்கவில்லை. பெற்றோர் இரண்டு பேர் நேரில் வந்து கேட்டுவிட்டுப் போனதும் யோகலிங்கத்தையும் ஹுஸ்னியாவையும் கூப்பிட்டார்.

"எனக்கு அந்தப் பிள்ளையில ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா கேக்கிற ஆக்களுக்கு என்னத்தைக் காட்டுறது? ஒரு மருத்துவ அறிக்கை இருந்தா நாங்கள் துணிஞ்சு அறிவிக்கலாம். ஹுஸ்னியா, தகப்பனுக்கு ஒரு கடிதம் அடியுங்கோ."

"சேர், மயங்கி விழுந்த பிள்ளையிட்ட அத்தாட்சி கேக்கிறதே?" என்று யோகலிங்கம் எழும்பிவிட்டார். "எழுதினவங்களை விட்டிட்டு இவளைச் சோதிக்கப் போறமோ?"

"எழுதினவன் ஆரெண்டு எனக்குத் தெரியுமே, யோகலிங்கம்? எனக்குத் தெரிஞ்ச விலாசம் இந்தப் பிள்ளையின்ர மட்டும்தான்."

ஹுஸ்னியா தன் மேசைக்கு வந்து இருந்தாள். அடிக்க ஏலாது என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் வேறொருவர் அடிப்பார், இதைவிட மோசமான சொல் போட்டு. 'மாணவியின் நலன் கருதி' என்று தொடங்கினாள். ஐந்து வரிக் கடிதத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது.

கடிதம் போன நான்காம் நாள் றுஷ்தாவின் வாப்பா அன்ஸார் வந்தார். கிண்ணியாவில் ஆட்டோ ஓடுகிறவர். ஆஸ்பத்திரிக் கடித உறையை மேசையில் வைத்தார். ஹுஸ்னியா அதைப் பிரிக்காமல் பணிப்பாளரின் கடிதக் கோவைக்குள் வைக்கப் போனாள்.

"பிரிச்சு வாசிங்க, மிஸ்," என்றார் அவர். "ஊரே வாசிச்சாச்சு. நீங்க மட்டும் ஏன் மிச்சம்?"

குரலை உயர்த்தவே இல்லை. ஹுஸ்னியா கதிரையைக் காட்டினாள். அவர் இருக்காமலே போய்விட்டார்.

அன்று மாலை கல்லூரியின் பக்கத்தில் அறிவித்தல் வந்தது: 'பரவும் வதந்தி பொய்யானது என மருத்துவ ரீதியாக உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.' அதுவரை ஒன்றும் அறியாதிருந்தவர்கள் கூட என்ன வதந்தி என்று தேடிப்போய் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். 'சோதிச்சுப் பாக்கிற அளவுக்கு என்ன நடந்ததோ?' என்று ஒரு பெண் எழுதினாள். இரண்டாம் நாள் பணிப்பாளர் அறிவித்தலை அழிக்கச் சொன்னார். அழித்ததும், 'பாத்தீங்களா, எடுத்திட்டாங்க' என்றார்கள்.

ஹுஸ்னியா அந்த வீடியோவைப் பற்றி பேஸ்புக்குக்கு ஏழு தடவை முறைப்பாடு செய்தாள். ஏழு தடவையும், அது விதிகளை மீறவில்லை என்றே பதில் வந்தது.

அணியிலிருந்த மற்றக் கிண்ணியாப் பிள்ளைகள் இரண்டு பேரையும் வீட்டில் மறித்துவிட்டார்கள். மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, காரணம் சொல்லாமலே, உடுப்புப் பையைத் திருப்பித் தந்தாள். மிஞ்சின நான்கு பேரோடு ஆட்டம் தொடங்க ஏலாது. அணி போட்டிகளிலிருந்து விலகுவதாக நிர்வாகம் ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பியது. அதையும் ஹுஸ்னியாதான் அடித்தாள். யோகலிங்கம் பந்துகளை எண்ணிக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டி, திறப்பை அவளிடம் தந்தார்.

றுஷ்தா கல்லூரிக்கு வருவதையே விட்டுவிட்டாள். நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை ஹுஸ்னியா கிண்ணியாவுக்கு பஸ் ஏறினாள். றுஷ்தாவின் உம்மா வாசலில் நின்று வரவேற்று, வட்டிலப்பம் வைத்தாள். றுஷ்தா உள்ளேயிருந்து வந்து எதிரில் இருந்தாள். மெலிந்திருந்தாள். வீட்டிலிருந்தே ஒரு கணக்கியல் பாடம் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

"நான் எழுதாம விட்டிருக்கலாம்," என்றாள் ஹுஸ்னியா.

"எழுதாட்டியும் கதைச்சிருப்பாங்க, மிஸ்." வட்டிலப்பத் தட்டை ஹுஸ்னியாவின் பக்கம் தள்ளினாள். "ஒண்டு சொல்லட்டா? கோவிக்காதீங்க. இனி வராதீங்க. கல்லூரியில இருந்து ஆள் வந்தா, திரும்பவும் என்னவோ எண்டு அயல்ல பாப்பாங்க."

ஹுஸ்னியா எழும்பி, பிள்ளையின் தலையில் கை வைத்தாள். உம்மா பார்சல் ஒன்று கட்டித் தந்தாள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெண் குடையோடு நின்றாள். ஹுஸ்னியாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அன்ஸார்ட வீட்டுக்கா வந்த? புள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"நல்லா இருக்கா. அவவுக்கு ஒண்டுமில்ல," என்றாள் ஹுஸ்னியா. சொல்லும்போதே அது யாரோ எதையோ மறைத்துச் சொல்வது போலத்தான் தன் காதுக்கே கேட்டது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, இன்னும் ஏதாவது சொல்வாளா என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.