ஜெயம்மா உட்கார்ந்த ஒன்பது நாள்

தங்கவயலுக்கு மின்விளக்கு வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது இது. பதினெட்டு முடிந்தும் ஜெயம்மா வயசுக்கு வரவில்லை. அதற்கு அவள் என்ன செய்வாள், பாவம்! நந்திதுர்க் சுரங்கத்து மேட்டில் மற்ற பெண்களோடு கல் உடைத்தாள். ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவளில்லை. சும்மா விடுவார்களா? அவளைவிட இளையவர்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு வந்து, "இன்னாடி, இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்கள்.

அடுத்து வரப்போகிற சொல் அவளுக்குத் தெரியும். இருசி. வயசுக்கே வராதவள் என்று அந்தப் பேர் விழுந்தால் தீர்ந்தது. கல்யாணம் கிடையாது, நல்ல காரியத்துக்கு அழைப்பு கிடையாது. காலையில் எதிரே வந்தால், சுரங்கத்தில் இறங்கப் போகிறவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

அவள் அம்மா பார்வதம்மாவுக்கு அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் புருஷன் ஷிப்டுக்குப் போனதும் கோழியை அறுத்து, ரத்தத்தில் புடவைத் துண்டை நனைத்து மகளிடம் நீட்டினாள்.

"மூலையில உக்காரு. யார் இன்னா கேட்டாலும் தலையத் தூக்காத."

"தெரிஞ்சுபோச்சுன்னா, ம்மா?"

"தெரிஞ்சா ரெண்டு பேரும் கெணத்துல உழுவலாம். உக்காரு."

அடுத்த நிமிஷம் சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகள் முழுக்கச் சேதி பரவியது. பூதிகோட்டையிலிருந்து தாய்மாமன் பெருமாள் பச்சை ஓலையோடு ஓடிவந்து குடிசை கட்டினார். பெண்கள் உளுந்தும் வெல்லமும் கொண்டுவந்து ஊட்டினார்கள். ஜெயம்மா தலையைத் தூக்காமல் விழுங்கினாள். ஓலைக்கு வெளியே யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தாள். வெயிலில் நின்று ஓலை முடைந்த மாமனை நினைத்தால் அழுகையாக வந்தது.

ஊரை ஏமாற்றலாம். எல்லம்மாவை? லைனுக்குத் துணி வெளுப்பவள் அவள். தீட்டுத் துணியை வாங்கிக்கொண்டு மாற்றுத் துணி கொடுப்பதும் அவள்தான். முப்பது வருஷமாக அதையெல்லாம் கசக்கிய கை.

மறுநாள் எல்லம்மா குனிந்து குடிசைக்குள் வந்தாள். துணியை வெளிச்சத்தில் பிரித்தாள். ஓரத்தில் பொடி இறகு ஒன்று ஒட்டியிருந்தது. ஜெயம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எல்லம்மா இறகைக் கிள்ளி எறிந்தாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, அடுத்த மாசம் கோழிய வீணாக்க வாணாம். சும்மா தண்ணில நனைச்சுக் குடு. நான் பாத்தன்னு சொல்லிக்கிறன்."

"எல்லம்மக்கா..."

"அழாத. இந்த லைன்ல நீ ஒருத்திதானா? யாரு யாருன்னு மட்டும் கேக்காத."

வெளியே போய், "நல்லபடியா கீது, மாத்து குடுத்தாச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். பார்வதம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஜெயம்மா மறுபடி கல் உடைக்கப் போனாள். பயம் தீர்ந்ததா என்றால், எங்கே! யாராவது உற்றுப் பார்த்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் மேட்டில் பேச்சு, அதே லைனில் இருந்த தங்கவேலுவின் மகள் பக்கம் திரும்பியது. அவளுக்கும் ஜெயம்மா வயசுதான். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. நாலடி தள்ளி அவள் தலையைக் குனிந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுகிற தூரம்.

"நீ இன்னா சொல்ற, ஜெயா?" என்றாள் ஒருத்தி.

தங்கவேலு மகளின் சுத்தியல் நின்றது. ஜெயம்மா தன் கையிலிருந்த கல்லையே பார்த்தாள். அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசினால், இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்களே! பேசாமல் இருந்தாலும் சந்தேகம்தானே!

"இருசியா இருக்கும். வேற இன்னா?" என்றாள்.

பெண்கள் ஆமாம் போட்டார்கள். ஒருத்தி நகர்ந்து, ஜெயம்மாவுக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.